அரைநிலவில் கிடந்த ஊசி

மண்ணெண்ணெயில் ஓடும் காருக்குப் பின்னால் ஓடிப்போய் அந்தப் புகையை மோந்து பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். என் வயதுக்காரிகள் எல்லோரும் தூக்குவீர்கள். தலை இடிக்கும், வயிற்றைப் பிரட்டும், ஆனாலும் ஓடுவோம். எனக்கு ஓடவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த மணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா உடுத்த சறத்தில் இருந்தது, தலையணையில் இருந்தது, சில நாள் சோற்றிலும் இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், புளியங்கூடலில் வாடகைக்கு ஓடிய கார் எங்களுடையது.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எழுதும்போது என் பேச்சுக்கு அயன் பெட்டி போட்டு மடித்து வைக்கிறாள், அதனால்தான் இவ்வளவு வடிவாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவள் இல்லை நான். முதலாம் வகுப்பில் இருமல் பிடித்துப் படுத்தேன். எழும்பிப் போனபோது வகுப்பறைகளில் கலவரத்தில் தெற்கிலிருந்து தப்பிக் கப்பலில் வந்த சனங்கள் குடியிருந்தார்கள். வாங்கு மேசைகளுக்குக் குறுக்கே சேலை கட்டி உலரவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிடவும் இல்லை, நான் போகவும் இல்லை.

ஆனால் இரண்டு எழுத்துத் தெரியும். இரண்டும் இங்கிலீசு! ஒன்று அரைநிலவு மாதிரி. மற்றது ஒரே ஒரு படி வைத்த ஏணி மாதிரி. எங்கள் காரில் ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. அதற்குள் இந்தக் கரையில் அரைநிலவு, அந்தக் கரையில் ஏணி, நடுவில் ஒரு சிவப்பு ஊசி. எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் சின்னம்மா.

"இஞ்ச பார் பிள்ளை. ஊசி அரைநிலவில கிடந்தால் எஞ்சின் குளிராக் கிடக்கு எண்டு அர்த்தம். ஏணிப் பக்கம் ஏறினால் கொதிக்குது. ஏணியைத் தொட்டால் அவ்வளவுதான், கார் சாம்பல்."

"ஊசிக்கு எப்பிடிச் சின்னம்மா தெரியும்?"

"எஞ்சினுக்குள்ள ஒரு பித்தளைக் குமிழ் இருக்காம். அது தண்ணிக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிண்டு, சூடு பாத்து, வயரால ஊசிக்குச் சொல்லுமாம். கார் திருத்துற கராச்சுக்காரர் அதைச் சென்சர் எண்டுவார்."

சின்னம்மா அம்மாவின் தங்கை. முப்பது வயது தாண்டியும் கலியாணம் சரிவராமல் எங்களோடு இருந்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் மிதந்திருக்கும். அதனால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். சிரிப்பு விரல்களுக்கு இடையால் வரும்.

கார் கறுப்பு. அப்பாவுக்கு மீசை முளைக்க முன்னம் கொழும்பில் யாரோ துரை ஓடிய இங்கிலாந்துக் கார் என்பார்கள். எங்களிடம் வரும்போது சீற் பிய்ந்து தும்பு வெளியே வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே குத்தும். ஹோர்ன் அடித்தால் கிழட்டு ஆடு கத்தின மாதிரி இருக்கும். ஒருமுறை பின்சீற்றில் எங்கள் கோழி முட்டையிட்டு, அதற்கு மேலே ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு இருந்துவிட்டார். ஐயோ, அதை இப்போது சொல்லத் தொடங்கினால் முடியாது.

யுத்தத்தில் கொழும்புப் பாதை மூடியிருந்த காலம் அது. பெற்றோல் வராது. பற்றரி வராது. காருக்கு ஒரு சின்ன ஆணிகூட வராது. பாதை திறந்தால் ஒரு நாள் திறக்கும், அடுத்த நாள் பூட்டும். காரை எழுப்புவதற்கு மட்டும் ஒரு மருந்துப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் வைத்திருப்பார் அப்பா. எழும்பிய பிறகு மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெயில் ஓடினால் எஞ்சின் கொதிக்கும். அதனால் அப்பாவின் ஒரு கண் ரோட்டில், மற்றக் கண் ஊசியில். ஊசி பாதியைத் தாண்டினால் போதும், பூவரசு நிழல் பார்த்து நிப்பாட்டி, பொனற்றைத் திறந்துவிட்டு, குந்தியிருந்து பீடி பற்றவைப்பார்.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு ஆச்சி ஒருநாள் கேட்டார்: "தம்பி, நான் இறங்கி நடக்கட்டே? உன்ர கார் வந்து சேரேக்க நான் மருந்தும் எடுத்துக்கொண்டு எதிர்ல வந்திடுவன்."

"எஞ்சினும் ஒரு சீவன்தான் ஆச்சி. கொஞ்சம் மூச்சு எடுக்கட்டும்."

"அதுக்கு மூச்சு. உன்ர புகையில எனக்கு இருந்த மூச்சும் போட்டுது."

அப்பா சிரித்துக்கொண்டு இருப்பார். ஊசி இறங்காமல் எழும்ப மாட்டார்.

இனித் தண்ணீர்க் கதைக்கு வருவோம். தீவுக்காரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைத்தால் நாக்கு மடங்கும். நல்ல தண்ணீர் ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரத்தில், கோயில் கிணற்றில். அதைச் சுமப்பது சின்னம்மா. கோடையில் சோளகக் காற்று வீசத் தொடங்கினால் கோயில் கிணறும் அடிக்குப் போய்விடும். பிறகு வீட்டுக்கு இரண்டு குடம் என்று கட்டுப்பாடு. அந்த இரண்டில் ஒன்றை அப்பா ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கானில் ஊற்றிக் கார்க் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார். அது றேடியேற்றருக்கு. உவர் விட்டால் உள்ளே அரித்துப்போகும், நல்ல தண்ணீர்தான் விடவேண்டும் என்பது அவருடைய சட்டம். மண்ணெண்ணெய்ச் சூட்டில் றேடியேற்றர் நாளும் குடிக்கும்.

"காருக்கு நல்ல தண்ணி, பிள்ளைக்கு உவர்த் தண்ணி. நல்ல குடும்பம்!" என்பார் அம்மா.

"கார் ஓடினால்தான் பிள்ளைக்குச் சோறு."

"சோறு விக்கினால் என்னத்தைக் குடுக்கிறது? மண்ணெண்ணெயோ?"

எனக்கு ஒரு நாளைக்கு மூன்று மூக்குப்பேணி. மூக்குப்பேணி இப்போது எங்கே இருக்கிறது! எங்கள் வீட்டுப் பேணிக்கு மூக்கில் ஒரு நெளிவு இருந்தது. அண்ணாந்து வாயில் ஊற்றினால் தண்ணீர் கொஞ்சம் இடப்பக்கம் வளைந்து வரும். அந்த வளைவுக்கு ஏற்றமாதிரி நாங்கள் எல்லோரும் தலையைச் சரித்துக் குடிப்போம். வேறு வீட்டில் நேரான பேணியில் குடித்தால் காதுக்குள் ஊற்றிக்கொள்வோம்.

ஒருநாள் வெயிலில் விளையாடிவிட்டு வந்தேன். மூன்று பேணியும் முடிந்துவிட்டது. அம்மா குடத்தை மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்திருந்தார். நான் கார்க் கொட்டிலுக்குள் போனேன். கான் இருந்தது. தூக்க முடியவில்லை. சரித்து வைத்து, வாயை வைத்துக் குடித்தேன். என்ன ருசி! பிளாஸ்ரிக் மணம், வெயிற் சூடு, அதற்குள்ளே அந்தத் தித்திப்பு. இன்றைக்கும் நாக்கின் அடியில் இருக்கிறது. குடித்த அளவுக்கு எங்கள் கிணற்றில் அள்ளி நிரப்பிவிட்டு, துணியால் துடைத்தும் வைத்தேன். பார்வைக்கு இரண்டு தண்ணீரும் ஒன்றுதானே.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். பிறகு கணக்கு இல்லை. சில நாள் கையில், காலில்கூட ஊற்றிக்கொண்டேன், சும்மா சந்தோசத்துக்கு.

அந்தக் கோடையில்தான் ஊசி இறங்கத் தொடங்கியது.

முன்னம் வேலணை போகமுன்னமே பாதி தாண்டுகிற ஊசி, இப்போது பாதியைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சநாள் போக, கால்வாசியில் நின்றது. பிறகு அரைநிலவை விட்டு அசையவே இல்லை. அப்பாவுக்குப் பிடித்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. பூவரசு நிழலில் நிற்பதை விட்டுவிட்டார். வாடகைக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாருங்கோ, மண்ணெண்ணெயில ஓடுற கார். ஊசியைப் பாருங்கோ. எல்லாம் நல்ல தண்ணியின்ர குணம்." இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு நல்ல செய்தி சொன்னது அந்த ஊசி ஒன்றுதான். மற்ற எல்லாம், றேடியோவும் ஊர்ச்சனமும், கெட்ட செய்திதான் சொன்னது.

இல்லை, இன்னொரு நல்ல செய்தியும் வந்தது. சின்னம்மாவுக்கு ஜெர்மனியில் மாப்பிள்ளை. படம் வந்தது. பனிக்கு நடுவில் பெரிய கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர், முன்தலை வெளித்தவர், நல்ல முகம். சின்னம்மா அந்தப் படத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அரிசி எடுக்கும்போதெல்லாம் பார்க்கலாம் அல்லவா? கடுதாசிகள் எல்லாம் சரிவந்தன. கூட்டிக்கொண்டு போகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவார். பாதை திறக்கிற அந்த ஒரு நாள், காலை எட்டு மணிக்கு வான் வெளிக்கிடும், ஒருவருக்காகவும் நிற்காது என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் வேலணைக் கராச்சுக்காரர் எங்கள் காரைப் பார்த்தார். மெலிந்த மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில் துண்டு. அப்பா வழக்கம்போல ஊசியைக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணை, மண்ணெண்ணெயில ஓடிவந்த எஞ்சின் இவ்வளவு குளிரா இருக்க ஏலாது. சென்சர் செத்துப்போச்சு. கழட்டிப் பாப்பம்."

"நல்லா ஓடுறதை ஏன் காணும் கழட்டுறீர்?"

"நல்லா ஓடுதோ எண்டு பாக்கத்தான்." அவர் சுட்டுவிரலில் எச்சில் தொட்டு எஞ்சின் தலையில் வைத்தார். சுர்ர் என்றது. விரலை உதறினார். "கேட்டனீங்களே? கொதிக்குது."

"என்ர காருக்கு மேல துப்பிப் பாக்கிறீரோ? நான் எச்சிலை நம்புறதோ, ஊசியை நம்புறதோ?"

"எச்சில் பொய் சொல்லாது அண்ணை."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் கோபத்துக்குள் ஒரு நியாயமும் இருந்தது. "கழட்டேக்க மரை உடைஞ்சுதெண்டால் வேற ஒண்டு எங்கையிருந்து எடுப்பீர்? அவளைக் கொண்டுபோய் விடும்வரைக்கும் ஒருத்தரும் என்ர எஞ்சினில கை வைக்க வேண்டாம்."

கராச்சுக்காரர் பென்சிலைக் காதில் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அம்மாவுக்கு அது மனதில் கிடந்தது. "இஞ்சேருங்கோ, முதல்நாளே சைக்கிளில கொண்டுபோய் ரவுணில ஆற்றையும் வீட்டில விடுவமே?"

"விசரே உமக்கு? ஜெர்மனிக்குப் போற பிள்ளையைக் கரியரில ஏத்தி அனுப்பினனான் எண்டு ஊர் சிரிக்கும்."

சின்னம்மா அரிசி களைந்துகொண்டு இருந்தார். "விடக்கா. அத்தான்ர காரிலேயே போறன். எனக்குச் செய்யிறதுக்கு அவரிட்ட வேற என்ன இருக்கு?"

அன்று விடியக் காலமே வெளிக்கிட்டோம். காருக்கு முன்னால் தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, எல்லாம் முறைப்படி. அப்பா, அம்மா, சின்னம்மா என்று மூன்று பேராக வெளிக்கிடக்கூடாது என்பதால் நாலாவது ஆளாக என்னையும் ஏற்றினார்கள். புதுச்சட்டை! முன்சீற்றில், ஊசிக்கு நேரே என்னை இருத்தினார்கள். சின்னம்மா பின்னால் மாம்பழ நிறச் சேலையில், மடியில் சிவப்புப் பெட்டி. பெட்டிக்குள் மிளகாய்த்தூள், ஒடியல் மா, படத்தில் இருந்தவருக்கு ஒரு வேட்டி. தலையில் வைத்த நல்லெண்ணெய் மணம் மண்ணெண்ணெயையும் மீறி வந்தது.

வேலணை தாண்டினோம். "பிள்ளை, ஊசி எங்க?" என்று அப்பா கேட்டார்.

"அரைநிலவில அப்பா."

"கெட்டிக்காரி." அழுத்தினார்.

அல்லைப்பிட்டி தாண்டும்போது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தது. பெயின்ற் எரிகிற மணம். அப்பா திரும்பவும் கேட்டார். "ஊசி எங்க?"

"அரைநிலவில."

"வடிவாப் பாத்தனீயே?"

"ஓமப்பா. அரைநிலவிலதான் கிடக்கு."

நான் பொய் சொல்லவில்லை. ஊசி அங்கேதான் கிடந்தது. அப்பா இன்னும் அழுத்தினார். ரோட்டின் இரண்டு பக்கமும் கடல் வருகிற இடம் தெரியுமல்லவா? அங்கே, பொனற்றின் இடுக்கால் வெள்ளையாக ஆவி சீறிக்கொண்டு வந்தது. கார் இரண்டு தரம் குலுக்கியது, நின்றது.

அப்பா ஆவியைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்தார். நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். "குளிரிலயெல்லே கிடக்கு... குளிரிலயெல்லே கிடக்கு..." என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊசிக்குப் புத்தி சொல்லுகிற மாதிரி இருந்தது.

எல்லோரும் இறங்கினோம். அப்பா பின்பெட்டியைத் திறந்து கானை எடுத்தார். கால்வாசிதான் இருந்தது. சின்னம்மாவின் உதடு காய்ந்து வெள்ளையாகப் போயிருந்தது. பதற்றம்.

"அத்தான், எனக்கு ஒரு மிடறு தாங்கோ."

காருடைய தண்ணீரை அப்பா ஒருவருக்கும் கொடுத்ததில்லை. அன்று மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். "குடி பிள்ளை. இண்டைக்குக் காருக்கு முதல் நீ குடி."

சின்னம்மா கானைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். முதல் மிடறு தொண்டைக்குள் இறங்கியபோது அவருடைய முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. கண் கானுக்கு மேலால் நேரே என்னிடம் வந்தது. நான் என் புதுச்சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் துப்பவில்லை. இரண்டாவது மிடறையும் விழுங்கினார்.

"போதும் அத்தான். நல்லாக் கிடக்கு."

"எனக்கும் கொஞ்சம் தா, நெஞ்சு அடைக்குது" என்று அம்மா கையை நீட்டினார்.

சின்னம்மா கானை மார்போடு இழுத்துக்கொண்டார். "கொஞ்சந்தான் கிடக்கக்கா. காருக்கு வேணும்." அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்பா துணி சுற்றி றேடியேற்றர் மூடியைத் திறந்து, எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினார். உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்டது, வெந்நீர் ஊற்றிய கண்ணாடிப் போத்தல் வெடிக்கிற மாதிரி. அப்பாவுக்கு அந்தச் சத்தம் விளங்கியது. கானைக் கீழே வைத்துவிட்டு, "பெட்டியை எடு" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி அல்லைப்பிட்டிக்கு ஓடி, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் சைக்கிள் கேட்டு வாங்கி வந்தார். அதற்கே நல்ல நேரம் போய்விட்டது. முன்னால் பெட்டியைக் கட்டி, கரியரில் சின்னம்மாவை ஏற்றிக்கொண்டு, எதிர்க்காற்றில் எழும்பி நின்று மிதித்தார். மாம்பழ நிறச் சேலை கன தூரம் தெரிந்தது. அம்மாவும் நானும் காருக்குப் பக்கத்தில் இருந்தோம். சுற்றிவரக் கடல். அம்மா, "எவ்வளவு தண்ணி" என்றார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது சைக்கிள் திரும்பி வந்தது. கரியரில் ஆள் இருந்தது.

"வான் வெளிக்கிட்டுப் போட்டுதக்கா."

"எப்ப?"

"நாங்கள் போக அரை மணித்தியாலத்துக்கு முன்னமாம்." பிறகு சேலையைத் தட்டிக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தார். "அத்தான்ர மிதிப்பில எனக்கு இடுப்புக் கழண்டுபோச்சு."

அடுத்த நாள் பாதை பூட்டிவிட்டது.

காரை இரட்டை மாட்டு வண்டிலில் கட்டிக் கராச்சுக்கு இழுத்துப் போனார்கள். நானும் பின்னால் நடந்தேன். கராச்சுக்காரர் திட்டவில்லை, நான் சொன்னதைக் கேட்டீர்களா என்றும் கேட்கவில்லை. ஸ்பானரைப் போட்டுச் சென்சரைக் கழற்றி எடுத்தார். சின்னம்மா சொன்ன பித்தளைக் குமிழ் அதுதான். பித்தளை தெரியவில்லை. தோணியின் அடியில் சிப்பி பிடிக்குமே, அப்படி வெள்ளையாகச் சுற்றிவரப் பிடித்திருந்தது.

"இந்தக் கோது மூடினால் சூடு எப்பிடி அதுக்குத் தெரியும் அண்ணை? தண்ணி கொதிச்சாலும் அது குளிர் எண்டுதான் சொல்லும்." நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "உப்பு. உவர் விட்டனீங்களே?"

"நானோ? கோயில் கிணத்துத் தண்ணியைத் தவிர ஒரு சொட்டு விட்டதில்லை. பிள்ளை மேல சத்தியம்." என் தலையில் கை வைத்தார். அந்தக் கை மண்ணெண்ணெய் மணத்தது.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். அந்தக் கை எடுபடுகிறவரைக்கும் சொல்லியிருக்கலாம்.

அப்பா யோசித்தார். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: கோயில் கிணறு உப்பாகிவிட்டது. நேரே போய்க் கோயில் ஐயரோடு சண்டை பிடித்தார். ஐயர் ஒரு வாளி அள்ளித் தானே குடித்துக் காட்டினார். "அமிர்தமாக் கிடக்கு. நீரும் குடிச்சுப் பாருமன்."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்" என்று அப்பா குடிக்காமலே வந்துவிட்டார். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. உவரை விட்டுவிட்டுக் கிணற்றைப் பழி சொல்கிறார் என்று கதைத்தார்கள். அப்பா பொய் சொல்லாதவர் என்பது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அதோடு முடிந்ததா? இனி அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். மற்ற நல்ல கிணறு இரண்டு கட்டை தள்ளி. சின்னம்மா கோயில் கிணற்றைத் தாண்டி, அதைப்போல இன்னொரு மடங்கு நடந்து சுமந்தார். நான் ஒரு சின்னச் செம்போடு கூடப்போவேன். ஒருநாள், வெயில் மண்டையைப் பிளந்தது, கேட்டுவிட்டேன்.

"சின்னம்மா, இதிலயே அள்ளிக்கொண்டு போவம். அப்பாவுக்குத் தெரியாது."

அவர் குடத்தை இடுப்பு மாற்றினார். "தெரியாமல் செய்தது போதும் பிள்ளை. நட."

அந்த ஒரு சொல்தான். பிறகு இல்லை.

ஜெர்மனிக்காரர் ஆறு மாதம் பார்த்திருந்தார். பிழை சொல்ல முடியாது. பிறகு அங்கேயே ஒரு பிள்ளையைக் கட்டினார். படம் அரிசிப் பானைக்குள் கிடந்து கிடந்து, மாவு படிந்து, முகம் தெரியாமல் போனது. கார் கொட்டிலுக்குள் கோழிக்கூடானது. ஊரை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அதில் ஏறிப் போக முடியவில்லை. நடந்தோம். கடைசியாக நான் எட்டிப் பார்த்தேன், ஊசி அரைநிலவில் கிடந்தது. கன வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது காரும் இல்லை, கொட்டிலும் இல்லை. அப்பா எங்கள் ஊருக்குத் திரும்பவே இல்லை. அகதியாக இருந்த இடத்தில் படுத்த படுக்கையிலும், வருகிறவர்களிடம், "கோயில் கிணத்துத் தண்ணியைக் குடியாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார்.

சின்னம்மா என்னோடுதான். என் பிள்ளைகளையும் வளர்த்தார், இப்போது பேரப்பிள்ளையின் தொட்டிலையும் காலால் ஆட்டிவிடுகிறார். சிரிக்கும்போது இன்னும் வாயைப் பொத்துகிறார். அந்தப் பல் விழுந்து எவ்வளவோ காலம்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். பக்கத்தில் இருந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தேன். எனக்கும் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது, இனி எப்போது சொல்வது என்று நினைத்தேன்.

"சின்னம்மா, காருக்கு வச்ச தண்ணியைக் குடிச்சிட்டு உவரை நிரப்பினது நான்தான்."

"ஓம். கண்டனான்."

"அண்டைக்குக் கார் நிண்ட இடத்தில, கானில வாய் வைக்கேக்கயோ?"

"அதுக்கு முதலே. கொட்டிலுக்குப் பின்னால வேலியடியில நிண்டனான். கானைத் தூக்க ஏலாமல் சரிச்சு வச்சுக் குடிச்சுக்கொண்டிருந்தனீ. ஒரு நாளில்லை, கன நாள் கண்டனான்."

"ஏன் சின்னம்மா என்னை ஏசேல்லை?"

"தண்ணி குடிக்கிற பிள்ளையை என்னெண்டு ஏசுறது?" போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "உவர் கூடினால் ஊசி காட்டித்தரும்தானே எண்டு இருந்திட்டன். நானும் ஊசியைத்தான் நம்பினனான்."

கூரைக்கு மேலே காற்று அடித்தது. சோளகம் தொடங்கிவிட்டது.

"தொண்டை காயுது. தண்ணி கொண்டா" என்றார்.

கடைப் போத்தல் தண்ணீர் இருந்தது. புதுப் போத்தல், மூடி உடைக்காதது. உடைத்து ஊற்றி, தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு மிடறு விழுங்கினார். முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது.

"உப்பாக் கிடக்கு பிள்ளை."

நான் அதை வெளியே ஊற்றிவிட்டு, இன்னொரு போத்தலை உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு அதையேதான் சொன்னார்.